மாலை வெயிலில் நாயும் பூனையும்

சென்னையில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்கிறது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் மாலை 5.40ஐ ஒட்டி மறையும், ஜூலையில் 6.40 வரை தாக்குப்பிடிக்கும். வீட்டு நாயையோ பூனையையோ மாலை வெயிலில் படமெடுக்க நினைப்பவர் இந்த நேரத்தைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது சூரியன் இறங்கும் வேகம். நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கும் இந்த ஊரில் சூரியன் சாய்ந்து சறுக்கிக்கொண்டு இறங்குவதில்லை, ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் ஒரு பாகை இறங்க அதற்கு நான்கு நிமிடம் போதும்.

தொடுவானத்துக்கு மேல் 6 பாகை உயரத்துக்குச் சூரியன் வந்த பிறகுதான் ஒளி பொன்னிறமாகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து மறைவு வரை சென்னையில் கிடைப்பது சுமார் 25 நிமிடம். லண்டனில் அதே மார்ச் மாதத்தில் இதற்கு 40 நிமிடம் ஆகும். ஜூனில் ஏறத்தாழ 50. மாலையில் ‘பொன்னான ஒரு மணி நேரம்’ உண்டு என்று புகைப்படக் கையேடுகள் சொல்வது அப்படிப்பட்ட ஊர்களின் கணக்கு. சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் அதை நம்பி, ஆற அமர நாய்க்குச் சீப்புப் போட்டு மாடிக்கு ஏற்றுவதற்குள் வெயில் போய்விடும்.

மறைந்த பிறகும் அதே அவசரம்தான். மேகமில்லாத நண்பகலில் தரையில் விழும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். சூரியன் மறையும்போது அது 400 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை போனதும் மிஞ்சுவது 3 லக்ஸ் சொச்சம். சென்னையில் இந்தக் கடைசிக் கட்டம் 21 முதல் 24 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வெளிச்சம் பாதியாகிக்கொண்டே போகிறது என்று பொருள். கண் உடனுக்குடன் பழகிக்கொள்வதால் மனிதருக்கு இந்தச் சரிவு உறைப்பதில்லை. கேமராவை ஏமாற்ற முடியாது. 6.20க்கு நன்றாக வந்த படம் 6.30க்குக் கலங்கலாக வருவதற்குக் காரணம் எடுப்பவரின் கை அல்ல, எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்ட ஒளி.

சிவப்பின் காரணம்

நண்பகல் சூரியனின் ஒளி காற்றின் ஓர் அடுக்கைக் கடந்து வருகிறது என்றால், தொடுவானத்தில் நிற்கும் சூரியனின் ஒளி அதைப்போல் சுமார் 38 மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. எல்லா நிறத்தையும் ஒரே அளவுக்கு அல்ல. அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும் என்று ரேலி பிரபு 1871இல் காட்டினார். ஆகவே குறைந்த அலைநீளம் கொண்ட நீலமும் ஊதாவும் வழியிலேயே சிதறிப் போக, மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் மட்டும் நேர்கோட்டில் வந்து சேர்கின்றன. சிதறிய நீலம் வீணாவதில்லை. அது வானம் முழுவதிலிருந்தும் நிழலுக்குள் வந்து விழுகிறது. மாலையில் எடுத்த நல்ல படத்தில் நாயின் ஒரு பக்கம் தேன் நிறத்திலும் மறுபக்க நிழல் இளநீலத்திலும் இருப்பது இதனால்தான். எந்தச் செயலியின் ஃபில்டரும் இந்த இரட்டை நிறத்தை ஒழுங்காகப் போலி செய்வதில்லை.

காற்றில் கலந்திருக்கும் தூசியும் புகையும் இந்தக் கணக்கைக் குழப்பும். அதற்குச் சென்னையிலேயே பேர்பெற்ற உதாரணம் உண்டு. 1883 ஆகஸ்ட் இறுதியில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதம் சென்னையிலும் இலங்கையிலும் காலை மாலைகளில் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை நிறமாலைமானியில் ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர் இவர்தான். ஏறத்தாழ ஒரே அளவுள்ள நுண்துகள்கள் காற்றில் நிறைந்தால், நீலத்தைவிடச் சிவப்பு அதிகமாகச் சிதறும் தலைகீழ் நிலை வரக்கூடும்.

இன்றைய சென்னையில் பச்சைச் சூரியனை எதிர்பார்க்க வேண்டியதில்லை. போகிப் புகையோ வாகனப் புகையோ கவிந்த நாள்களில், தொடுவானத்தைத் தொடும் முன்பே சூரியன் மங்கிய செந்நிறத் தட்டாகிக் காணாமல் போய்விடும். 25 நிமிடம் 15 ஆகச் சுருங்கும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மாலைதான் பொன்னான மாலை. காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும், மேற்கே சிதறிக் கிடக்கும் மேகங்கள் கீழிருந்து ஒளி வாங்கும். நவம்பரில் அப்படி ஒரு மாலை வாய்த்தால் மற்ற வேலைகளைத் தள்ளிவைப்பது நல்லது.

தெருவும் மொட்டை மாடியும்

ஈக்காட்டுத்தாங்கல் அடையாற்றங்கரையில், கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்த பகுதி. நடுவே நூறடிச் சாலை ஓடுகிறது. அதன் மேல் மெட்ரோ ரயிலின் உயர்மட்டப் பாலம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கிய சென்னையின் முதல் மெட்ரோ தடத்தில் ஈக்காட்டுத்தாங்கலும் ஒரு நிலையம். சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போவதால், பாலமும் அதை ஒட்டிய உயரமான அலுவலகக் கட்டடங்களும் கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கு மேற்கு வானத்தை அடைத்துவிடுகின்றன.

அடைப்பு எவ்வளவு என்பதை எளிதாகக் கணக்கிடலாம். மேற்கே 30 மீட்டர் தள்ளி 12 மீட்டர் உயரக் கட்டடம், அதாவது நான்கு மாடி, இருந்தால் அதன் உச்சி தரையிலிருந்து 22 பாகை உயரத்தில் தெரியும். சூரியன் 22 பாகைக்கு இறங்கியதுமே அந்த வாசலில் வெயில் முடிந்தது. மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே! பொன்னிற ஒளி அந்தத் தெருவின் தரையைத் தொடுவதே இல்லை. வாசற்படியில் நாயை உட்காரவைத்து மாலை முழுக்கப் படமெடுத்தும் ‘அந்தக் கலர்’ வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் கேமராவைக் குறை சொல்கிறார்கள். குறை எதிர்வீட்டில் இருக்கிறது.

கிழக்கு மேற்காக ஓடும் குறுக்குத் தெருக்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சூரியன் மறையும் திசை ஆண்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜூன் பிற்பகுதியில் நேர்மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே, டிசம்பர் பிற்பகுதியில் 24 பாகை தெற்கே, மார்ச், செப்டம்பர் 21ஐ ஒட்டிய நாள்களில் நேர்மேற்கில். அந்தச் சில நாள்களில், சரியாக மேற்கு நோக்கிப் போகும் தெருவின் மறுகோடியில் சூரியன் வந்து நிற்கும். இருபுறச் சுவர்களும் ஒளி வாங்கித் தெருவுக்குள் திருப்பிவிடும். ஆட்டோவும் தண்ணீர் லாரியும் அதே தெருவில்தான் வரும் என்பதால் சங்கிலியைக் கழற்றாமல் எடுப்பது கட்டாயம். படத்தில் சங்கிலி தெரிவது ஒரு குற்றமல்ல.

மற்ற நாள்களுக்கு மொட்டை மாடிதான் வழி. அங்கே மேற்கு வானம் திறந்திருக்கும், பின்னணியை மாற்றிக்கொள்ளலாம், வேறு நாய்கள் வராது. வெப்பத்தைத் தடுக்க வெள்ளை அடித்த தளமோ வெள்ளை ஓடு பதித்த தளமோ இருந்தால் அது இலவசமாகக் கிடைத்த ஒளித்திருப்பி. கீழிருந்து மேலே ஒளியை அனுப்பி, விலங்கின் தாடையடி இருளை நீக்கும். பழைய வீடுகளின் செங்கல் நிறத் தட்டோடு அதே வேலையைச் செம்மை கலந்து செய்யும், வெள்ளை நாயின் வயிறு சற்றே சிவக்கும். தளம் எப்படியிருந்தாலும் கொடியில் காயும் வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். கடையில் விற்கும் மடக்குத் திருப்பிகளைக் கண்டு மிரளும் நாய்கள் வேட்டியைப் பொருட்படுத்துவதில்லை.

மாடியில் இரண்டு ஆபத்துகள். ஏப்ரல், மே மாதங்களில் தளத்தின் சூடு மாலை ஐந்தரைக்கும் தணிந்திருக்காது. புறங்கையைத் தளத்தில் வைத்துச் சில விநாடிகள் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஒரு மணி நேரம் முன்பே நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். ஈரத்தரையில் வானத்தின் நிறம் பிரதிபலிப்பது கூடுதல் லாபம். இரண்டாவது, கைப்பிடிச் சுவர். சுவர்மேல் நடக்கும் பூனை அழகான நிழலுருவம்தான். பறக்கும் காக்கையைப் பார்த்து அது தாவினால் கீழே மூன்று மாடி. சுவரின் மேல் விலங்கை ஏற்றி எடுக்கும் படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் எடுக்கத் தகாத படம்.

சூரியனைக் கடலுக்கு மேல் எடுக்க ஆசைப்பட்டு மெரினாவுக்கோ பெசன்ட் நகர் கடற்கரைக்கோ மாலையில் நாயைக் கூட்டிப் போவதில் அடிப்படைச் சிக்கல் ஒன்று இருக்கிறது: அங்கே கடல் கிழக்கில். சூரியன் ஊருக்குப் பின்னால் மறையும். ஆனாலும் அந்த மணலுக்கு வேறு சிறப்பு உண்டு. சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கடலின் மேல் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும், அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று. நீலப் பட்டை பூமியின் சொந்த நிழல், காற்று மண்டலத்தின் மேல் விழுகிறது. இளஞ்சிவப்பு, நிழலுக்கு மேலே இன்னும் வெயில் படும் காற்று. இந்த இரண்டு பட்டைகளையும் பின்னணியாக வைத்து, மேற்கு வானத்தின் மிச்ச வெளிச்சம் முகத்தில் விழும்படி நாயைக் கரையைப் பார்த்து நிறுத்தி எடுக்கும் படத்துக்கு ஈடாக மேற்குக் கடற்கரையில் எடுக்கும் சூரியப் படங்களில் பலவற்றைச் சொல்ல முடியாது.

ஒளி விழும் பக்கம்

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுப்பது தொடக்கக்காரருக்குப் பாதுகாப்பான முறை. நிறம் முழுதாகக் கிடைக்கும். விலங்கு கண்ணைச் சுருக்கும் என்பதும், எடுப்பவரின் நீண்ட நிழல் படத்துக்குள் போய் விழும் என்பதும் இதன் குறைகள். ஒளியைப் பக்கவாட்டில் வாங்கினால் ரோமத்தின் நெளிவும் தசையின் மேடுபள்ளமும் எழுந்து நிற்கும். குட்டை ரோமமுள்ள சிப்பிப்பாறைக்கு இது பொருத்தம். வேட்டை நாய்க்குரிய அதன் ஒடுங்கிய இடுப்பும் நெஞ்சுக்கூடும் பக்க ஒளியில்தான் தெரியும்.

சூரியனை விலங்கின் பின்னால் நிறுத்துவது கடினமானது, பலன் அதிகமானது. ரோமத்தின் நுனிகள் ஒளியைப் பிடித்துக்கொள்ள, உருவத்தைச் சுற்றி ஒரு தங்கக் கோடு ஓடும். நீண்ட முடியுள்ள பாரசீகப் பூனையிலும் கோல்டன் ரிட்ரீவரிலும் இந்தக் கோடு அகலமாக விழும். நம் நாட்டு நாய்களில் ஊசி முனை அளவுதான், காது மடல்களில் மட்டும் ஒளி ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும். கோடு தெளிவாகத் தெரிய வேண்டுமானால் பின்னணி இருண்டதாக இருக்க வேண்டும்: நிழலில் உள்ள மரம், எதிர்மாடியின் தண்ணீர்த் தொட்டிச் சுவர். சூரியன் நேராகப் படத்துக்குள் வந்தால் படம் வெளுத்துவிடும். விலங்கின் தலையாலோ கம்பத்தாலோ அதைச் சற்றே மறைக்க வேண்டும். போனின் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருந்தால் முழுப் படமும் பால் கலந்ததுபோல் ஆகும். எடுப்பதற்கு முன் துடைப்பது சின்ன வேலை, பெரும்பாலோர் செய்யாத வேலை.

நிழலுருவம் வேண்டுமென்றால் திரையில் விலங்கைத் தொடாமல் பிரகாசமான வானத்தைத் தொட வேண்டும். கேமரா வானத்துக்கு ஒளியளவை அமைத்துக்கொள்ளும், விலங்கு கறுப்பாகிவிடும். அப்போது உருவத்தின் ஓரக்கோடு மட்டுமே பேசுவதால் நாய் பக்கவாட்டில் நிற்க வேண்டும், நான்கு கால்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், வாய் லேசாகத் திறந்திருந்தால் இன்னும் நல்லது. எடுப்பவர் தரையோடு தரையாகப் படுத்தால்தான் நாயின் உடல் கைப்பிடிச் சுவருக்கு மேலே வானத்தில் வந்து நிற்கும். கண்ணால் நேராகப் பார்க்கும் காட்சித்துளை கொண்ட கேமராவில், தொலைவு லென்ஸ் வழியே சூரியனை உற்றுப் பார்ப்பது விழித்திரையைச் சுடும். திரையைப் பார்த்து எடுப்பதே சரி.

வெள்ளை ராஜபாளையம், கறுப்புக் கன்னி

எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. பெரும்பாலான காட்சிகளில் இந்த ஊகம் பலிக்கும். நாயின் ரோமம் திரையை நிறைக்கும்போது பலிக்காது.

தமிழ்நாட்டு நாட்டு நாய்கள் நான்கும் இதற்கு நான்கு விதமான சோதனைகள். இவற்றைப் பெருக்குவதற்காகக் கால்நடைத் துறை நடத்திய நிலையம் ஒன்று ஈக்காட்டுத்தாங்கலுக்கு அடுத்த சைதாப்பேட்டையில் பல ஆண்டுகள் இருந்தது. இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது ராஜபாளையம். பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. அதைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், அழுக்கு வெள்ளையாக வரும். ஒளியளவை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்ட வேண்டும். போனில் நாயைத் தொட்டதும் தோன்றும் சிறு சூரியக் குறியை மேலே தள்ளுவது இதே காரியம்தான். ஆனால் நேர் வெயில் விழும் முதுகில் ரோமம் தனித்தனியாகத் தெரியாமல் வெள்ளைத் திட்டாகிவிட்டால் கூட்டியது அதிகம். திட்டான இடத்தில் எந்தத் தகவலும் பதிவாவதில்லை, பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

கறுப்பில் செம்பழுப்புப் புள்ளிகள் கொண்ட கன்னி நாய் இதற்கு நேர் எதிர். கறுப்பைச் சாம்பலாக்கக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். வானம் வெளுத்து மாலையே காணாமல் போகும். அரை முதல் ஒரு படி குறைக்க வேண்டும். கறுப்பு ரோமம் பளபளப்பதால், பக்கவாட்டில் விழும் தாழ்ந்த வெயில்தான் அதன் வடிவத்தைக் காட்டும். நிழலில் நிறுத்தினால் ஓட்டைபோல் இருக்கும். கோம்பை நாய்க்குச் செம்பழுப்பு உடலும் கறுத்த முகவாயும் உண்டு. உடல் சரியாக வந்தால் முகம் இருளும், ஆகவே வேட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும். இளம்பழுப்புச் சிப்பிப்பாறை மட்டும் கேமராவின் ஊகத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். தொடக்கக்காரருக்கு அதைவிட வசதியான நாய் இல்லை.

நிறத்தைப் பற்றி இன்னொரு குறிப்பு. வெளிச்சத்தின் நிறச் சாய்வை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும்படி கேமராக்கள் தாமாகவே சரிசெய்கின்றன. குழல்விளக்கின் கீழ் அது உதவி, மாலையில் அது உபத்திரவம்; எந்த ஆரஞ்சுக்காக மாடி ஏறினோமோ அதையே அழித்துவிடும். நிறச் சமநிலையைத் தானியங்கியிலிருந்து எடுத்து ‘வெயில்’ அல்லது ‘மேகமூட்டம்’ என்ற அமைப்பில் நிறுத்திவிட்டால் ஆரஞ்சு தங்கும்.

கண்

விலங்குப் படத்தில் எது கலங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம், கண் கலங்கினால் படம் போயிற்று. நீண்ட முகமுள்ள நாயின் மூக்குக்கும் கண்ணுக்கும் பத்து சென்டிமீட்டர் வரை இடைவெளி இருப்பதால், கேமரா மூக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு கண்ணை விட்டுவிடுவது வழக்கம். அருகிலிருக்கும் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்ய வேண்டும். விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. கறுப்பு முகத்தில் கறுப்புக் கண் என்றால் அதுவும் தடுமாறும்.

கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்தால்தான் உயிர் தெரியும். முகம் வானத்தைப் பார்த்துச் சற்றே நிமிர்ந்தால் அது தானாக விழும். நின்றபடி கீழ்நோக்கி எடுக்கும்போது விலங்கு நிமிர்ந்து பார்த்தாலும் தலை பெரிதாகி, உடல் சிறுத்துப் பொம்மைபோல் ஆகிவிடுகிறது. கண்மட்டத்துக்கு உட்கார்ந்து எடுப்பதே முறை. போனை முகத்துக்கு வெகு அருகே கொண்டுபோனாலும் மூக்கு பெருத்துவிடும். இரண்டடி பின்வாங்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் முகம் அதன் இயல்பான அளவில் வரும்.

பூனையின் கண்ணுக்கு மாலை ஒரு தனிச் சலுகை. உச்சி வெயிலில் அதன் பாவை செங்குத்தான கீற்றாக ஒடுங்கியிருக்கும். மனிதப் பாவையின் பரப்பு சுமார் 15 மடங்கு வரைதான் விரிந்து சுருங்கும். பூனையினுடையது 135 மடங்கு. சூரியன் இறங்க இறங்கக் கீற்று நீள்வட்டமாகி, பிறகு வட்டமாகிறது. கீற்றுப் பாவையோடு இருக்கும் பூனை கோபமாகவும், வட்டப் பாவையோடு இருப்பது குட்டியைப்போலவும் மனிதருக்குத் தோன்றுவதால், ஒரே பூனையின் நாலரை மணிப் படமும் ஆறு மணிப் படமும் இரண்டு வேறு பூனைகளாகத் தெரியும். மேற்கு ஜன்னலில் உட்காரும் பூனையைப் படமெடுக்க மாடிக்கே போக வேண்டாம். அறை விளக்கை அணைத்து, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்றால் போதும்.

ஓட்டம்

விநாடிக்கு எட்டு மீட்டர் ஓடும் நாய், 1/250 விநாடியில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது; முகம் அழிந்துபோகும். 1/1000 விநாடியில் எட்டு மில்லிமீட்டர், ஓரளவு தாங்கும். உட்கார்ந்திருக்கும் நாய்க்கே 1/250 தேவை, ஏனென்றால் காதும் நாக்கும் ஓய்வதில்லை. குதிரையின் ஓட்டத்தை 1878இல் வரிசைக் கேமராக்களால் பிடித்த மைபிரிட்ஜ், கலிஃபோர்னியாவின் பட்டப்பகல் வெயிலில், வெள்ளைப் பின்னணிச் சுவருக்கு எதிரே அதைச் செய்தார். மாலையில் அந்த வசதி கிடையாது.

எஃப் 1.8 துளையுள்ள ஒரு சாதாரண போனை எடுத்துக்கொள்வோம். சூரியன் 5 பாகை உயரத்தில் இருக்கும்போது சில ஆயிரம் லக்ஸ் ஒளி உண்டு. 1/500 விநாடிக்கு ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 போதும், படம் துல்லியமாக வரும். சூரியன் மறையும்போது அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 1000 வேண்டும். லேசான புள்ளிகள் தெரியத் தொடங்கும். இன்னும் பத்து நிமிடம் போனால் 8000. அந்த அளவில் போனின் சிறிய சென்சார் தருவது படமல்ல, மணல். ஓட்டம், பந்துப் பிடிப்பு, தாவல் எல்லாவற்றையும் சூரியன் மேலே இருக்கும்போதே முடித்துவிட்டு, உட்காரும் படம், படுக்கும் படம் ஆகியவற்றைக் கடைசிக்கு வைக்கும் வரிசை இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியை ஓட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் பிறகு பொறுக்கும் வேலை குறையும்.

போனின் இரவு அமைப்பு பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் செய்வது. கட்டடத்துக்கு நன்று, வாலாட்டும் நாய்க்கு மூன்று வால் வரும். பின்னணியை மங்கலாக்கும் அமைப்பு பூனை மீசையைக் கத்தரித்துவிடும். பெரிதாக்கும்போது பல போன்கள் தொலைவு லென்ஸுக்கு மாறுகின்றன. அதன் துளை சிறியது, மங்கிய ஒளியில் கலங்கும். ஒளி குறைந்ததும் முதன்மை லென்ஸுக்குத் திரும்பி, விலங்கை நோக்கி நடந்து போவது மேல்.

நாய் காணும் மாலை

நாயின் விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் இரண்டு வகை மட்டுமே. அதன் உலகம் நீலமும் மஞ்சளும் சாம்பலுமானது. மனிதர் மயங்கும் செவ்வானம் அதற்கு மங்கிய மஞ்சள். கவனத்தை ஈர்க்கச் சிவப்புப் பந்தை ஆட்டுவதில் பயனில்லை, நீலமோ மஞ்சளோ வேண்டும். பார்வையைவிட ஒலி வேகமாக வேலை செய்யும். பிஸ்கட் பாக்கெட்டின் சரசரப்பு, பழக்கமில்லாத ஒரு விசில், ஒரு கிளியின் குரல் என்று எதுவும் காதைத் தூக்கவைக்கும். ஆனால் அதே ஒலி மூன்றாம் தடவை எடுபடாது. கேமராவைத் தயாராக்கிய பிறகே அதைச் செலவிட வேண்டும். ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. அவற்றுக்குக் கைச்சைகைதான்.

நாய் மாலையில் சுறுசுறுப்படைவது இன்னொரு சிக்கல். ஐந்து மணிக்கே ஒரு நடை கூட்டிப் போய்த் தெம்பைச் சற்றுக் குறைத்து, தண்ணீர் கொடுத்து மாடிக்கு ஏற்றினால் நாக்கு தொங்கிய, தளர்ந்த முகம் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இந்த முயற்சியே வேண்டாம். எங்கோ ஒரு வெடி வெடித்தால் வால் உள்ளே போய்விடும், அந்த முகம் படத்திலும் தெரியும். காதைப் பின்னுக்கு மடித்தல், உதட்டை நக்கிக்கொண்டே இருத்தல், கொட்டாவி, முகத்தைத் திருப்புதல் ஆகியவை போதும் என்று நாய் சொல்லும் அடையாளங்கள். பூனை அடையாளம் காட்டுவதில்லை, எழுந்து போய்விடும்.

மறைந்த பிறகு

சூரியன் மறைந்த முதல் ஏழெட்டு நிமிடம் வீணல்ல. நிழலே இல்லாத மென்மையான ஒளி வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. சுருக்கம் விழுந்த முகமுள்ள பக், தழும்புள்ள தெருநாய், வயதான பூனை ஆகியவற்றுக்கு நேர் வெயிலைவிட இதுவே இதமானது. அதன் பிறகு தெருவிளக்குகள் எரியும்போது, வெள்ளை எல்இடி ஒளி ஒரு பக்கமும் வானத்தின் கருநீலம் மறுபக்கமும் விழும். உட்கார்ந்த, அசையாத விலங்கை அப்போதும் எடுக்கலாம், கேமராவைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டால்.

ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். நாய், பூனை இரண்டின் விழித்திரைக்குப் பின்னாலும் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று உண்டு. விழித்திரையில் பிடிபடாமல் தப்பிய ஒளியை மறுபடியும் அதன் வழியே அனுப்பி, மங்கிய வெளிச்சத்தில் பார்வைக்குக் கைகொடுப்பது அதன் வேலை. இருட்டில் பாவை முழுதாக விரிந்திருக்கும் நேரத்தில், லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபிளாஷின் ஒளி அந்தப் படலத்தில் பட்டு நேராகக் கேமராவுக்கே திரும்புகிறது. கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். நீலக் கண்ணுள்ள சயாமியப் பூனையில் சிவப்பாக வரும். படலம் முதிராத சிறு குட்டியில் நீலமாக. தவிர்க்கவே முடியாமல் கூடுதல் வெளிச்சம் வேண்டுமானால், இன்னொருவர் போனின் டார்ச்சை விலங்கின் பக்கவாட்டிலிருந்து, வேட்டித் துணிக்குப் பின்னால் வைத்துக் காட்டலாம். ஒளி வேறு கோணத்தில் போய் வேறு கோணத்தில் திரும்புவதால் கண் எரியாது.